ஐடி போச்சு: கணினி நம்மை எப்படி அடையாளம் காண்கிறது?

"அண்ணே, ஐடி போச்சு. எடுத்துத் தர ஏலுமா?"

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ போன் திருத்தும் கடையில் சற்று நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவன் பக்கத்துத் தோட்டத்துப் பையனாக இருப்பான். இரண்டு மூன்று வருடம் ஃப்ரீ ஃபயர் விளையாடிச் சேர்த்த உடுப்புகள், துப்பாக்கிகள், ஏறிய படிகள், கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கு அனுப்பிய காசில் வாங்கிய டயமண்ட்கள் எல்லாம் அந்த ஐடியில் இருக்கின்றன. புதுப் போனுக்கு மாறியதும் உள்ளே போக முடியவில்லை. கடைக்காரர் முதலில் கேட்பது, "எதுல போட்டு வச்சிருந்த தம்பி? பேஸ்புக்லயா, கூகுள்லயா?" பையன் விழிக்கிறான்.

அவனுடைய வியப்பு நியாயமானது. விளையாட்டு நிறுவனத்தின் கணினியில் அவன் கணக்கு ஒரு குறையும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. கணக்கும் இருக்கிறது, ஆளும் உயிரோடு இருக்கிறான். இரண்டையும் சேர்த்து வைக்க ஏன் இத்தனை பாடு?

சேர்த்து வைக்க வேண்டிய கணினி அவனைப் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம். அதற்குத் தெரிந்ததெல்லாம் அவன் விட்டுவைத்த தடயங்கள்: ஒரு கடவுச்சொல், ஒரு தொலைபேசி எண், ஒரு மின்னஞ்சல், வழக்கமாகப் பயன்படுத்தும் கருவி, வழக்கமாக நுழையும் இடம். கணக்கை மீட்பது என்றால் இந்தத் தடயங்களில் போதுமானவற்றை மறுபடி காட்டுவது. எந்தத் தடயத்துக்கு எவ்வளவு மதிப்பு, ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மதிப்பே இல்லாத தடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "என் யூஐடி நம்பர் எனக்கு மனப்பாடம்" என்று பையன்கள் உறுதியாகச் சொல்வார்கள். அந்த எண் அவனோடு விளையாடிய எல்லோருக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்லி, நான்தான் உரியவன் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

2017இல் கரினா நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீ ஃபயரில் எந்த விவரமும் கொடுக்காமல் 'கெஸ்ட்', அதாவது விருந்தாளியாக நுழையலாம். அப்போது கணக்குக்குரிய இரகசியச் சாவி அந்தப் போனின் நினைவகத்துக்குள் மட்டும் இருக்கும். போனை முழுதாக அழித்துத் திருத்தினால் சாவியும் அழிந்துவிடும். அந்தக் கணக்கை மீட்பது அநேகமாக நடக்காத காரியம். நிறுவனம் அடம்பிடிப்பதாக நினைக்க வேண்டாம். உரியவரையும் ஊரில் மற்றவரையும் பிரித்துக் காட்டும் தடயம் எங்குமே மிஞ்சவில்லை.

பேஸ்புக் வழியாகவோ கூகுள் வழியாகவோ நுழைந்தவர் நிலை வேறு. அங்கே விளையாட்டு நிறுவனத்திடம் உங்கள் கடவுச்சொல் இருக்கவே இருக்காது. நீங்கள் பேஸ்புக்கில் நுழைகிறீர்கள். "இவர் இன்ன கணக்குக்கு உரியவர்" என்று மின்னணுக் கையொப்பமிட்ட ஒரு சான்றுச்சீட்டை பேஸ்புக் விளையாட்டுக்கு அனுப்புகிறது. விளையாட்டு அதை நம்பிக் கதவைத் திறக்கிறது. ஆகவே பூட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பேஸ்புக் கணக்கு. விளையாட்டு நிறுவனத்துக்கு நூறு கடிதம் எழுதியும் பயன் இல்லை. மீட்க வேண்டிய இடம் பேஸ்புக். கடைக்காரரின் முதல் கேள்வி மிகச் சரியான கேள்வி.

சரி, பேஸ்புக்காவது பழைய கடவுச்சொல்லைச் சொல்லிவிடலாமே? அவர்களிடம் இல்லாமலா நான் இத்தனை நாள் நுழைந்தேன்?

உண்மையிலேயே அவர்களிடம் அது இல்லை. தோட்டத்துத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து உள்ளே போகிறது. வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்தால் தூள் வருகிறது. தூளைத் திரும்பக் கொழுந்தாக்க உலகத்தில் எந்த இயந்திரமும் இல்லை. நீங்கள் முதன்முதலில் கடவுச்சொல் வைத்தபோது கணினி அதை இப்படி ஒருவழிக் கணக்கொன்றில் போட்டு அரைத்து, வெளியே வந்த நீண்ட குறியை மட்டும் சேமித்துக்கொண்டு மூலத்தை எறிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஹாஷ் என்பார்கள். நாம் அரைவுக்குறி என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டும்போது அதையும் அதே கணக்கில் அரைத்து, சேமித்த குறியோடு ஒப்பிடுகிறது. ஒத்துவந்தால் உள்ளே விடுகிறது. ஓர் இடத்தில் இந்த உவமை உதவாது. இரண்டு செடியின் கொழுந்து ஒரே மாதிரித் தூளாகலாம். அரைவுக்குறியிலோ ஓர் எழுத்து மாறினாலும் முழுக் குறியும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அதனால்தான் "கிட்டத்தட்டச் சரி" என்று கணினி ஒருபோதும் சொல்வதில்லை.

இந்த ஏற்பாடு அனுபவத்தில் அடிபட்டு வந்தது. அமெரிக்காவில் எம்ஐடி நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1962இல் ஆலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர் தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல் அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்து, மற்றவர்களின் நேரத்தில் வேலை செய்தார். அரைத்து வைக்கும் முறை அதன் பிறகு வந்தது. அரைத்து வைத்தால் மட்டும் போதாது என்று 1979இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகக் குறுகியவை, அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைக்கும் சொற்கள். தூளைக் கொழுந்தாக்க முடியாதுதான். ஆனால் திருடன் ஆயிரம் ஊகங்களைத் தானே அரைத்துப் பார்த்து, எது ஒத்துவருகிறது என்று கண்டுபிடிக்கலாம். அதைக் கடினமாக்க, ஒவ்வொருவர் கடவுச்சொல்லோடும் வெவ்வேறு சில எழுத்துகளைக் கலந்து அரைக்கும் வழியை அவர்கள் விவரித்தார்கள். இதற்கு 'உப்பு' என்றே பெயர். உப்புப் போட்டால் இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்தாலும் இரண்டு குறிகள் வரும்; திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைத்தாக வேண்டும்.

ஒருவழிக் கணக்கு உண்மையிலேயே ஒருவழிதான் என்பது நமக்கு எப்படித் தெரியும்? கணிதத்தில் முடிந்த முடிவான நிரூபணம் இதற்கு இல்லை. கணக்கின் முழு விவரத்தையும் உலகத்துக்கு வெளியிட்டு, "முடிந்தால் உடையுங்கள்" என்று பல ஆண்டுகள் விட்டுவைக்கிறார்கள். எம்டி5 என்ற பழைய முறையில் ஒரே குறியைத் தரும் இரண்டு வெவ்வேறு உள்ளீடுகளைச் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுனின் குழு 2004இல் கண்டுபிடித்துக் காட்டியது. உலகம் மெல்ல அதைக் கைவிட்டது. உடைக்க முயன்றவர்களின் தோல்விகள் சேரச் சேரத்தான் நம்முடைய நம்பிக்கையும் சேர்கிறது.

இதையெல்லாம் செய்யாதவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு சாட்சி. சமூக வலைத்தளங்களுக்குச் சிறு செயலிகள் செய்துகொடுத்த ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனம் 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்களை அரைக்காமல் அப்படியே வைத்திருந்தது. அத்தனையும் திருடு போயின. அவற்றில் ஏறத்தாழ 2,90,000 பேருடைய கடவுச்சொல் 123456. மனிதர்கள் எப்படிப்பட்ட கடவுச்சொற்களை வைக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்தது இந்தத் திருட்டுக்குப் பிறகுதான். திருடர்களுக்கும் தெரிந்தது. உங்கள் பழைய கடவுச்சொல்லை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பி வைக்கும் தளம் ஏதாவது இருந்தால், அது இன்னும் அரைக்காமல் வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே வைத்த கடவுச்சொல்லை வேறு எங்கும் வைக்காதீர்கள்.

இனி 'லொக்' ஆவதற்கு வருவோம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டில் 10 இலட்சம் சேர்க்கைகள் இருக்கலாம். கணினி ஒன்றுக்கு அத்தனையையும் அடித்துப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. ஐந்து தவறுக்கு மேல் கதவை மூடிவிட்டால் திருடனின் வாய்ப்பு 2 இலட்சத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பூட்டு உங்களைக் காப்பதற்காகவே இருக்கிறது. பதற்றத்தில் மறுபடி மறுபடி அடித்துப் பார்க்கும் உரியவரும் இயந்திரத்தின் கண்ணுக்குத் திருடன் மாதிரியே தெரிவார். ஆகவே பூட்டிக்கொண்டால் செய்ய வேண்டிய முதல் காரியம் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பது. ஒரு நாள் பொறுத்தால் பல பூட்டுகள் தாமாகவே திறக்கும்.

தவறாக எதுவும் அடிக்காமலே பூட்டு விழுவதும் உண்டு. மலையகத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பையன் ஒரே வாரத்தில் போனை மாற்றுகிறான், சிம்மை மாற்றுகிறான், ஊரை மாற்றுகிறான். கணினியின் பார்வையில் பழகிய கருவி, பழகிய எண், பழகிய இடம் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போய்விட்டன. கணக்கைத் திருடியவன் உள்ளே நுழையும்போதும் சரியாக இப்படித்தான் இருக்கும். விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டு விளையாடுபவன் காலையில் சிங்கப்பூரிலும் மாலையில் ஜெர்மனியிலும் இருப்பதாகக் கணினி எண்ணும். கைபேசி வலையமைப்புகள் நூற்றுக்கணக்கான போன்களை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைப்பதும் வழக்கம். அதே முகவரியிலிருந்து வேறு யாராவது சேட்டை செய்தால் சந்தேகத்தின் ஒரு பங்கு உங்கள் மேலும் விழலாம்.

இதிலிருந்து கிடைக்கும் பாடத்தைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐடி போனதும் டவுனுக்கு ஓடி, கொமினிகேஷன் கடையின் கணினியில் உட்கார்ந்து மீட்கப் பார்க்கிறார்கள். அந்தக் கணினி உங்கள் கணக்குக்கு முன்பின் அறியாதது. உங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரு நல்ல தடயத்தையும் அங்கே இழந்துவிடுகிறீர்கள். பழகிய கருவியிலிருந்தும் பழகிய இடத்திலிருந்தும் முயலுங்கள் என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. திரை வெடித்து லயத்து அலமாரியில் கிடக்கும் பழைய போன், எழுந்து ஓடினால் போதும், புதுப் போனைவிட மதிப்புள்ள சாட்சி. அதைச் சார்ஜ் ஏற்றி, எப்போதும் விளையாடிய அதே வீட்டிலிருந்து, அதே சிம்மின் டேட்டாவில், பழைய உலாவியில் முயன்று பாருங்கள்.

இரகசியக் கேள்விகள் ஒரு காலத்தில் பெரிதாக நம்பப்பட்டன. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2015இல் கோடிக்கணக்கான பதில்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசுவோரின் பிடித்த உணவை ஒரே ஊகத்தில் சரியாகச் சொல்ல 19.7 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. அதே நேரம் அமெரிக்காவில் ஆங்கிலம் பேசுவோரில் 40 விழுக்காட்டினருக்கு, தேவைப்பட்ட வேளையில் தம் சொந்தப் பதிலே நினைவில் இல்லை. திருடனுக்கு எளிது, உரியவருக்குக் கடினம். ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் இருக்கும் லயத்தில், அம்மாவின் பெயரும் பிறந்த ஊரும் முதல் பாடசாலையும் யாருக்குத்தான் தெரியாது?

எஸ்எம்எஸ் குறியீடு அதைவிட எவ்வளவோ மேல். மீட்பு எண்ணாகச் சேர்த்த தொலைபேசிக்கு எஸ்எம்எஸ் குறியீடு அனுப்பியதால் தானியங்கித் தாக்குதல்கள் முழுவதும், மொத்தமாக வீசும் தூண்டில் (ஃபிஷிங்) மோசடிகளில் 96 விழுக்காடும் தடுக்கப்பட்டதாகக் கூகுள் 2019இல் அறிவித்தது. ஒருவரைக் குறிவைத்துச் செய்யும் தாக்குதல்களில் அது 76 விழுக்காடாகக் குறைந்தது.

ஆனால் தொலைபேசி எண் நிரந்தரச் சொத்து கிடையாது. ரீலோட் போடாமல் விட்ட எண்ணை நிறுவனம் துண்டித்து, சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெவின் லீயும் அரவிந்த் நாராயணனும் 2021இல் அமெரிக்காவில் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கக்கூடிய 259 எண்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 171 எண்கள் பழைய உரிமையாளர்களின் இணையக் கணக்குகளோடு இன்னும் பிணைந்திருந்தன. அந்த எண் இன்னொருவர் கைக்குப் போனால் குறியீடும் அவருக்கே போகும். தோட்டத்துப் பையனின் எண் பெரும்பாலும் அம்மாவின் அல்லது மாமாவின் அடையாள அட்டையில் எடுத்தது. சிம் தொலைந்தால் அதே எண்ணைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் அட்டைக்கு உரியவர் வர வேண்டும். அவர் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தால்? எண் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு எஸ்எம்எஸ்ஸைவிடப் பொருத்தமான ஒரு முறை உண்டு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். ஆதன்டிகேட்டர் என்ற செயலி 30 விநாடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டும். அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை. முதல் நாள் கியூஆர் எனப்படும் ஒரு கட்டக்குறியை ஸ்கேன் செய்தீர்களே, அப்போது உங்கள் போனும் நிறுவனத்தின் கணினியும் ஒரே இரகசியத்தைப் பகிர்ந்துகொண்டன. பிறகு இருவரும் அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, தனித்தனியாக ஒரே ஒருவழிக் கணக்கில் அரைக்கிறார்கள். இரகசியம் ஒன்று, நேரம் ஒன்று. ஆகவே விடையும் ஒன்று. இடையில் எந்தச் செய்தியும் போய் வரத் தேவையில்லை. மழையில் சிக்னல் முழுக்கப் போன இரவிலும் எண் சரியாக வரும். போனின் கடிகாரம் சில நிமிடம் பிந்தியோ முந்தியோ இருந்தால் மட்டும் தவறும். பலருக்கு எண் ஒத்துவராமல் போவது கடிகாரத்தைக் கையால் மாற்றி வைத்ததால்தான். இந்த முறையின் விவரம் 2011இல் பொதுவில் வெளியிடப்பட்டது. அதனால் எந்த நிறுவனத்தின் செயலியும் மற்ற நிறுவனத்தின் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இவ்வளவும் இருந்தும் கணக்குகள் திருடு போகின்றன. ஸ்டீம் என்ற பெரிய விளையாட்டுத் தளத்தில் மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் பறிபோவதாக அதன் உரிமையாளரான வால்வ் நிறுவனமே 2015இல் சொன்னது. இப்படிப் பறிபோக ஒரு பெரிய வழி, உரியவரே சாவியைக் கொடுத்துவிடுவது. "இலவச டயமண்ட்" என்று ஒரு லிங்க் வரும். அழுத்தினால் பேஸ்புக் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும். நீங்கள் தட்டும் கடவுச்சொல் மோசக்காரனுக்குப் போகும். அவன் அதே கணத்தில் உண்மையான பேஸ்புக்கில் அதைத் தட்டுவான். உங்கள் போனுக்குக் குறியீடு வரும். அதையும் நீங்களே போலிப் பக்கத்தில் தட்டுவீர்கள். முப்பது விநாடி அவனுக்குத் தாராளம். குறியீட்டைக் கேட்டு யார் எழுதினாலும், யார் பேசினாலும், கூடப் படிக்கும் நண்பனே கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

இயந்திரம் எல்லா வழியையும் மூடிவிட்டால் மனிதர்கள் பார்க்கும் விசாரணை மிஞ்சுகிறது. அங்கே பேசுவது பழைய ஆதாரம்: கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல், பொருள் வாங்கிய இரசீது. கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் ஒவ்வொரு கொள்வனவுக்கும் ஓர் ஆர்டர் எண்ணோடு மின்னஞ்சல் வந்திருக்கும். அது வலுவான சாட்சி. கடையில் காசைக் கொடுத்து, கடைக்காரரின் கார்டில் டயமண்ட் போட்டிருந்தால் அந்த இரசீது அவர் பெயரில் இருக்கும். அவரிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கி வையுங்கள். இதே காரணத்தால்தான் மற்றவரிடம் 'ஐடி வாங்குவது' மிக ஆபத்தான காரியம். முதல் மின்னஞ்சலும் முதல் இரசீதும் விற்றவனிடம் இருக்கின்றன. காசையும் வாங்கிக்கொண்டு நாளைக்கே அவன் கணக்கை மீட்டுக்கொள்ளலாம். விசாரிக்கும் நிறுவனமும் அவனையே உரியவனாகக் காணும்.

பேஸ்புக் சில வேளை அடையாள அட்டையின் படத்தைக் கேட்கும். அட்டையில் உள்ள பெயரோ பிறந்த தேதியோ கணக்கில் உள்ளதோடு ஒத்துவர வேண்டும். பையன்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். 13 வயதாகாமல் கணக்குத் தொடங்க முடியாது என்பதால் பொய்யான ஆண்டைப் போட்டிருப்பார்கள். பெயர் இருக்கும் இடத்தில் 'கிங்' 'கில்லர்' என்று ஏதோ இருக்கும். உண்மையான பெயரில் தொடங்கியவர்களுக்கும் மலையகத்தில் ஒரு பழைய வலி காத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் பெயர் எழுதப்பட்டவர்கள் எங்கள் தோட்டங்களில் எத்தனையோ பேர். தமிழ்ப் பெயரை இன்னொரு மொழியில் காதால் கேட்டு எழுதிய எழுதுவினைஞர்களின் பிழையைப் பேரப்பிள்ளைகள் வரை சுமக்கிறார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அப்படி நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தோரின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தவர்கள் தாம் யார் என்று காகிதத்தில் காட்ட முடியாமல் நின்ற மண் இது. ஒரு விளையாட்டுக் கணக்கை அந்தத் துயரத்தோடு சமமாக வைக்க முடியாது. ஆனால் ஆவணமும் ஆளும் ஒத்துவராவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எங்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. கணக்குத் தொடங்கும்போதே அட்டையில் உள்ள பெயரையும் தேதியையும் எழுத்து மாறாமல் போடச் சொல்லுங்கள்.

"ஐந்தாயிரம் ரூபா கொடுங்கள், ஹேக் பண்ணி எடுத்துத் தருகிறேன்" என்பவர்களை அண்டவே வேண்டாம். இத்தனை அடுக்கையும் ஒரு போனில் உட்கார்ந்து உடைக்கும் வித்தை அவர்களிடம் இல்லை. காசும் போகும், நீங்கள் நம்பிக் கொடுத்த விவரங்களால் மிச்சக் கணக்குகளும் போகும். அனுமதியின்றி ஒரு கணினிக் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி இலங்கையில் குற்றமும்கூட. கணக்கு உண்மையிலேயே திருடப்பட்டிருந்தால் 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் முறையிடலாம். சமூக ஊடகக் கணக்குகள் பற்றிய முறைப்பாடுகளை அது ஏற்றுக்கொள்கிறது.

கணக்கு இன்னும் கையில் இருப்பவர்களுக்குக் கால் மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. விருந்தாளிக் கணக்காக இருந்தால் இன்றைக்கே கூகுளோடோ பேஸ்புக்கோடோ இணையுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு நீங்கள் கேட்டால் எட்டு இலக்கத்தில் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். போனும் சிம்மும் ஒன்றாகத் தொலைந்த நாளில் கடவுச்சொல்லோடு அவை போதும். படம் பிடித்து அதே போனில் வைக்காதீர்கள். கொப்பியில் ஒரு தாளில் எழுதி, வீட்டில் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் பைக்குள் வைத்து, அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.